ரூல் எல்லாம் வந்து சேர்ந்தது, அர்த்தம் வந்து சேர்ந்ததா?

அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் ப்ராக்ஸி பெட்டியின் இயங்குதளத்தை மாற்றும்போது, அந்த ரூல்கள் அடங்கிய பாலிசி கோப்புகளை என்ன செய்வது என்று கேட்டு இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் அப்கிரேடுக்கு முன்னால் எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் அப்கிரேட் முடிந்து போன் விடாமல் அடிக்க ஆரம்பித்த பிறகு எழுதியிருக்கிறார்கள். கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ப்ளூ கோட் ப்ராக்ஸி எஸ்ஜி ஓடுகிறது. அதன் இயங்குதளமான எஸ்ஜிஓஎஸ் 6-இல் இருக்கிறோம், 7-க்குப் போகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருப்பது எட்டு வருஷமாக யார் யாரோ எழுதிச் சேர்த்த பாலிசி. "இமேஜை ஏத்து, ரீஸ்டார்ட் பண்ணு, பெட்டியே எல்லாத்தையும் மாத்திக்கும்" என்கிறார் மேனேஜர். நம்பலாமா சார்?
– தூக்கம் கெட்ட அட்மின்

பதில்: மேனேஜர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பெட்டி புது இமேஜில், அதாவது புது இயங்குதளக் கோப்பில், எழுந்ததும் செட்டிங்ஸைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், பாலிசியையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியில் பாலிசி என்பது ஒரு கோப்பு இல்லை, நான்கு: விபிஎம் (திரையில் சொடுக்கி வரைவது), லோக்கல் (கையால் எழுதுவது), சென்ட்ரல் (பொதுவாக ஓரிடத்திலிருந்து வருவது), ஃபார்வர்ட் (எந்த வழியாக அனுப்புவது என்பது). நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மறுபடி கம்பைல் செய்கிறது, அதாவது தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. கம்பைலருக்கு இலக்கணம் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எதற்காக அந்த ரூலை எழுதினார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? வரி சரியாக இருந்தால் வாங்கிக்கொள்ளும், புரியாவிட்டால் எரர் கொடுக்கும். பிரச்சினை இந்த இரண்டிலும் இல்லை. எரர் வந்தால் நீங்கள் அன்றைக்கே பார்த்துவிடுவீர்கள். நடுவில் வார்னிங் என்று ஒன்று வருகிறதே, அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

நானும் படித்ததில்லை, ஒரு முறை மாட்டிக்கொள்ளும் வரை. ஓர் அலுவலகத்தில் ராத்திரி அப்கிரேட் முடித்தேன். பாலிசி ஏறியது, எரர் பூஜ்யம், வார்னிங் ஒரு நாற்பது. பழைய பெட்டியிலும் ஏறக்குறைய அத்தனை வார்னிங் வரும் என்று நினைவிருந்ததால், அதே பழைய புலம்பல்தான் என்று மூடிவிட்டுப் போய்விட்டேன். அந்த நாற்பதில் ஒன்று "இப்படி ஒரு வகை எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. யுஆர்எல் வகைப்பட்டியலில் ஒரு வகையின் பெயர் மாறியிருந்தது, எங்கள் தடை ரூல் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நின்றது. ரூல் இருக்கிறது, கம்பைல் ஆகிறது, யாருக்கும் பொருந்துவதே இல்லை. அனுமதிக்கும் ரூல் இப்படிச் செத்துப்போனால் பத்து நிமிஷத்தில் யாராவது கத்துவார்கள். தடுக்கும் ரூல் செத்துப்போனால் யார் வந்து புகார் கொடுப்பார்கள்? மூன்று வாரம் கழித்து, யார் எங்கே போனார் என்ற பதிவான லாகைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அதிலிருந்து நான் செய்வது இது. அப்கிரேடுக்கு முந்தைய நாள், எதையும் மாற்றாமல், பழைய இயங்குதளத்திலேயே அதே பாலிசியை மறுபடி ஒரு தடவை இன்ஸ்டால் செய்வேன். பாலிசி ஏறிய பிறகு பெட்டி ஒரு முடிவு அறிக்கை காட்டும், அதை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துவிடுவேன். புது இமேஜில் எழுந்ததும் அதே அறிக்கையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பழைய புலம்பல்கள் எல்லாம் கழிந்து புதிதாக முளைத்த நாலைந்து வரி மட்டும் மிஞ்சும். நாற்பதை யாராலும் படிக்க முடியாது, நாலைப் படிக்கலாம். வழக்கொழிந்த சொல், அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவோம் என்று சொல்லும் வார்னிங்குகளையும் அப்போதே குறித்துவையுங்கள். இன்றைக்கு வார்னிங்காக இருப்பது அடுத்த பெரிய பதிப்பில் எரராக வந்து நிற்கும்.

அடுத்தது சோதனை. "நாலு சைட் திறந்து பார்த்தேன், ஓகே" என்பதெல்லாம் சோதனை இல்லை. பழைய பெட்டியின் ஆக்சஸ் லாகிலிருந்து ஒரு முழு வேலைநாளை எடுங்கள். அதில் அனுமதிக்கப்பட்டவை கொஞ்சம், மறுக்கப்பட்டவை கொஞ்சம், லாகின் கேட்டவை கொஞ்சம் என்று ஒரு இருநூறு முகவரி பொறுக்குங்கள். மறுக்கப்பட்டவை அதிகமாக இருக்கட்டும், காரணம் மேலே சொல்லிவிட்டேன். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்டில் கர்ல் (கட்டளை வரியிலிருந்தே முகவரியைத் திறக்கும் நிரல்) வைத்து அந்த இருநூறையும் பழைய பெட்டி வழியாக ஒரு தடவை, புதுப் பெட்டி வழியாக ஒரு தடவை அனுப்பி, வரும் பதில் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 200 என்றால் திறந்தது, 403 என்றால் மறுப்பு, 407 என்றால் ப்ராக்ஸி லாகின் கேட்கிறது. பழையதில் 403 வந்து புதியதில் 200 வந்தால் அங்கே ஓட்டை. பழையதில் 200, புதியதில் 407 என்றால் லாகின் ரூல் எங்கோ நகர்ந்திருக்கிறது. அப்புறம், இதை உங்கள் அட்மின் கணக்கில் மட்டும் ஓட்டிப் பயனில்லை, உங்களுக்குத்தான் எல்லாமே திறந்திருக்குமே. கணக்குப்பிரிவில் ஒருவர், விருந்தினர் நெட்வொர்க்கில் ஒருவர், லாகினே இல்லாமல் போகும் சர்வர் ஒன்று என்று குறைந்தது மூன்று முகம் வேண்டும்.

உங்களிடம் இருப்பது ஒரே பெட்டிதான் என்றால் பழைய பக்கத்து ஓட்டத்தை அப்கிரேடுக்கு முன்னாலேயே முடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் கிடைக்காது.

இன்னொன்று, கடிதத்தின் கடைசியில் "இதோடு சேர்த்து வேண்டாத ரூல்களையும் கழித்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. கழிப்பதென்றால் இரண்டு மூன்று வாரம் முன்னால், பழைய இயங்குதளத்திலேயே கழியுங்கள். அதன் குணம் உங்களுக்குத் தெரியும், ஏதாவது உடைந்தால் ரூலைக் கழித்ததால்தான் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்தால் காலையில் எது எதனால் உடைந்தது என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது.

உங்கள் பதிப்பிலிருந்து 7-க்கு நேராகப் போகலாமா, நடுவில் ஒரு படியில் நின்று போக வேண்டுமா, உங்கள் மாடலில் 7 ஓடுமா என்பதை ரிலீஸ் நோட்ஸில் பார்த்துவிடுங்கள். படியைத் தாண்டிக் குதித்தால் செட்டிங்ஸ் மாற்றம் ஒழுங்காக நடக்காது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருக்கிறது என்று குழம்பவும் வேண்டாம். 1996-இல் கேஷ்ஃப்ளோ, 2002-இல் ப்ளூ கோட், 2016-இல் சிமாண்டெக் வாங்கியது, 2019-இல் அந்தப் பிரிவை பிராட்காம் வாங்கியது. ஆவணம் தேடும்போது நான்கு பெயரிலும் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும்.

கேள்வி: ரூல்களை எழுதும் மொழியான சிபிஎல்லில் உள்ள பழைய கோப்பைப் புதுப் பெட்டியில் ஏற்றினேன். ரூல்கள் வேலை செய்கின்றன. ஆனால் விபிஎம்மைத் திறந்தால் ஒரு லேயர்கூட (ரூல் தொகுப்பு) இல்லை, சுத்தமாக வெறுமை. பெட்டியில் கோளாறா?
– வேலையில் சேர்ந்து ஆறு மாசம்

பதில்: முதலில் அந்த விண்டோவை மூடுங்கள். எதையும் சேர்க்காதீர்கள், இன்ஸ்டால் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். மூடிவிட்டீர்களா? சரி, இப்போது படியுங்கள்.

விபிஎம்மில் நீங்கள் சொடுக்கிச் சொடுக்கி வரையும் ரூல்கள் இரண்டு கோப்பாக எழுதப்படுகின்றன. ஒன்று சிபிஎல், பெட்டி அதைத்தான் படித்து நடக்கிறது. இன்னொன்று எக்ஸ்எம்எல், விபிஎம் திரை அதைப் படித்துத்தான் லேயர்களை வரைந்து காட்டுகிறது. நீங்கள் முதலாவதை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதனால் பெட்டிக்கு ரூல் தெரிகிறது, திரைக்குத் தெரியவில்லை. கோளாறு ஒன்றும் இல்லை.

ஆபத்து எங்கே என்றால், வெறுமையாக இருக்கும் திரையில் யாராவது "ஒரே ஒரு ரூல்தானே" என்று சேர்த்து இன்ஸ்டால் கொடுத்தால், விபிஎம் தனக்குத் தெரிந்ததை வைத்து இரண்டு கோப்பையும் புதிதாக எழுதும். அதற்குத் தெரிந்தது அந்த ஒரே ரூல். மீதி அத்தனையும் போச்சு. எக்ஸ்எம்எல்லையும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் ஜோடியாக ஏற்றுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், போன மாச எக்ஸ்எம்எல்லையும் இந்த மாச சிபிஎல்லையும் ஜோடி சேர்த்தால் திரையில் ஒன்று தெரியும், பெட்டி வேறொன்று செய்யும். அதைவிட வெறுமையே மேல்.

பழைய பெட்டி போய்விட்டது, எக்ஸ்எம்எல் எங்கும் இல்லை என்றால் அந்த சிபிஎல்லை லோக்கல் கோப்புக்கு நகர்த்திவிட்டு அங்கேயே கையால் பராமரிக்கலாம். அப்படிச் செய்யும்போது வரிசை மாறும், அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: நான்கு கோப்பும் அப்படியே வந்துவிட்டன. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் பழைய பெட்டியில் மூடியிருந்த தளங்கள் புதியதில் திறக்கின்றன. எப்படி சாத்தியம்?
– நம்ப முடியாதவர்

பதில்: நம்புங்கள், ரொம்ப சாதாரணமாக நடக்கும். இந்த முறை வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்த நான்கு கோப்பில் யார் முதலில் பேசுவது, யார் கடைசியில் பேசுவது என்பது எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. அது பெட்டியின் செட்டிங்ஸ் பட்டியலான கான்ஃபிகில் ஒரே ஒரு வரி. யாரும் தொடாவிட்டால் வரிசை விபிஎம், லோக்கல், சென்ட்ரல், ஃபார்வர்ட். ஒரு லேயருக்குள் மேலிருந்து கீழே போய் முதலில் பொருந்தும் ரூலோடு அந்த லேயரின் கதை முடிந்தது. லேயருக்கு லேயர் என்று வந்தால் தலைகீழ், பின்னால் வருபவர் சொல்வது முன்னால் சொன்னவரைத் தள்ளிவிடும். ஃபயர்வால் பழக்கத்தில் வருபவர்கள் "முதலில் பொருந்துவதுதான் ஜெயிக்கும்" என்று மனசில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறார்கள். பாதி வரைக்கும் சரியாகவே வரும், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் கதையை ஊகித்துச் சொல்கிறேன். லோக்கல் கோப்பில் யாரோ எப்போதோ "சோதனைக் குழுவுக்கு எல்லாம் திறந்திருக்கட்டும்" என்று ஒரு அனுமதி எழுதியிருப்பார்கள். விபிஎம்மில் "சூதாட்டத் தளங்கள் யாருக்கும் கிடையாது" என்று ஒரு தடை. பழைய பெட்டியில் யாரோ வரிசையை மாற்றி விபிஎம்மைக் கடைசியில் வைத்திருக்கிறார். லோக்கல் "வா" என்றது, விபிஎம் கடைசியாக "போ" என்றது, தளம் மூடியிருந்தது. புதுப் பெட்டியில் நீங்கள் கோப்புகளை மட்டும் ஏற்றினீர்கள், வரிசையோ யாரும் தொடாதபோது இருக்கும் அதே விபிஎம் முதல். இப்போது விபிஎம் "போ" என்று சொன்ன பிறகு லோக்கல் வந்து "வா" என்கிறது. ரெண்டு பேரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், யார் கடைசியில் சொன்னார் என்பதுதான் மாறியது.

பழைய பெட்டியின் கான்ஃபிகைத் திறந்து அந்த வரிசை வரியைப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு வரியும் இருக்கும்: எந்த ரூலும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது, விடுவதா மறுப்பதா. அதுவும் பாலிசி கோப்பில் இருக்காது. பழையது மறுப்பு, புதியது அனுமதி என்று இருந்தால் உங்கள் பாலிசி முழுவதும் வேறு ஊர் பாஷையாகிவிடும்.

இந்தச் சண்டையே வேண்டாம், என்ன வரிசையில் வந்தாலும் இது மூடித்தான் இருக்க வேண்டும் என்கிற தளங்களுக்கு, சிபிஎல்லில் சாதாரண மறுப்பு போக, பின்னால் வரும் எந்த அனுமதியாலும் தள்ள முடியாத கட்டாய மறுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. மால்வேர் வகைகளுக்கெல்லாம் அதை எழுதிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் எழுதாதீர்கள், நாளைக்கு ஒரு விதிவிலக்கு கேட்டு மேலிடத்திலிருந்து போன் வரும், அப்போது எங்கே அடைபட்டது என்று தேடி அலைவீர்கள்.

எந்த ரூல் பொருந்தியது என்று சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். உங்கள் ஒரே ஒரு மெஷினின் ஐபிக்கு மட்டும் பாலிசி ட்ரேஸை இயக்கி அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ரூலுக்கும் பொருந்தியது, பொருந்தவில்லை என்று வரிவரியாக வரும். பார்த்த கையோடு ட்ரேஸை அணைத்துவிடுங்கள், எல்லோருக்கும் இயக்கிவிட்டு மறந்துபோனால் பெட்டி மூச்சுத் திணறும்.

கேள்வி: வேர்டில் சேமித்து வைத்திருந்த பாலிசியை எடுத்து ஒட்டினேன். முப்பது எரர். அதே பாலிசி பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது!

பதில்: மேற்கோள் குறி. நேராக இருந்த குறியை வேர்டு அழகுபடுத்தி வளைத்துவிட்டது, கம்பைலருக்கு வளைந்த குறி என்றால் யாரென்றே தெரியாது. இரண்டு சின்னக் கோடுகள் சேர்ந்து ஒரு நீளக் கோடாகவும் ஆகியிருக்கும், அதையும் பாருங்கள். பாலிசியை எளிய டெக்ஸ்ட் எடிட்டரைத் தவிர எதிலும் திறக்க வேண்டாம். பழைய பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறதல்லவா, அதிலிருந்தே நேராக எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பெட்டியின் முழு ஆர்கைவையும் (செட்டிங்ஸின் காப்பு நகல்) எடுத்துப் புது ஹார்டுவேரில் ரீஸ்டோர் செய்தேன். ஹெச்டிடிபிஎஸ் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் சர்டிஃபிகேட்டின் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) வரவில்லை, ஆக்டிவ் டைரக்டரி லாகினும் வேலை செய்யவில்லை. பாலிசி ஏற்றினால் கீரிங் (கீயும் சர்டிஃபிகேட்டும் இருக்கும் இடம்) இல்லை, ரியல்ம் (லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு) இல்லை என்று புகார் மேல் புகார். ஆர்கைவ் என்றால் எல்லாமும்தானே?
– ஆர்கைவை நம்பியவர்

பதில்: அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கீரிங் உருவாக்கும்போது கீயை வெளியே காட்டலாமா என்று பெட்டி ஒரு கேள்வி கேட்கும். காட்டாதே என்று அன்றைக்கு யாரோ தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கீ எந்த ஆர்கைவிலும் வராது, எப்படிக் கெஞ்சினாலும் வராது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அந்தக் கீயின் நகல் வேறெங்காவது பத்திரமாக இருந்தால் இறக்குமதி செய்யலாம். இல்லையென்றால் புதுக் கீ, புது சர்டிஃபிகேட், அதை அலுவலகத்தின் எல்லா மெஷினுக்கும் முன்கூட்டியே அனுப்பி வைக்க வேண்டும். "முன்கூட்டியே" என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புதுச் சர்டிஃபிகேட் போய்ச் சேராத மெஷினில் ஒவ்வொரு தளத்துக்கும் எச்சரிக்கைத் திரை வரும், ஆட்கள் அதைப் பார்க்காமல் தாண்டிப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றவே முடியாது.

பாஸ்வேர்டு கதை வேறு. ஆர்கைவில் உள்ள பாஸ்வேர்டுகள் பழைய பெட்டியின் ஒரு கீயால் பூட்டப்பட்டிருக்கும், கான்ஃபிகரேஷன் பாஸ்வேர்ட்ஸ் கீ என்று கீரிங் பட்டியலில் தனியாகத் தெரியும். அந்தக் கீயை முதலில் புதுப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டு அப்புறம் ஆர்கைவை ரீஸ்டோர் செய்தால் பாஸ்வேர்டுகள் திறக்கும். மாற்றிச் செய்தால் புதுப் பெட்டி அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் டொமைனில் ப்ராக்ஸியே ஓர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால் அந்த உறவும் பெட்டியோடு போச்சு, புதுப் பெட்டி தனியாகச் சேர வேண்டும்.

ஆகவே வரிசை: கீரிங், சர்டிஃபிகேட் பட்டியல்கள், டொமைனில் சேர்ப்பது, ரியல்ம், ஃபார்வர்டிங் ஹோஸ்ட்கள் (ப்ராக்ஸி அடுத்து அனுப்பும் சர்வர்கள்). இத்தனையும் நிலைத்த பிறகு கடைசியாகப் பாலிசி. பாலிசி இவற்றையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, கூப்பிடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஆள்தான்.

கேள்வி: எங்களிடம் விலை கொடுத்து வாங்கிய பெட்டி எல்லாம் கிடையாது. ஒரு லினக்ஸ் சர்வர், அதில் ஸ்க்விட் என்ற இலவச ப்ராக்ஸி நிரல், அவ்வளவுதான். ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து இப்போதைய பதிப்புக்கு வருகிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
– ஏழை அட்மின்

பதில்: பொருந்தும், ஆனால் விதி தலைகீழ். ஸ்க்விட்டின் அணுகல் ரூல்களில் முதலில் பொருந்துவதுதான் தீர்ப்பு, அதற்குக் கீழே இருப்பதைப் படிக்கவே மாட்டாது. எதுவும் பொருந்தாவிட்டால் என்ன என்பதில் ஒரு வேடிக்கை உண்டு: கடைசி வரி எதைச் சொல்கிறதோ அதற்கு எதிரானதைச் செய்யும். கடைசி வரி ஒரு தடை என்றால் மிச்சம் எல்லாம் அனுமதி! அப்கிரேடின்போது யாராவது கோப்பின் அடியில் ஒரு சின்னத் தடையை ஒட்டினால் வாசலே திறந்துகொள்ளும். எல்லோருக்கும் மறுப்பு என்று முடிவில் வெளிப்படையாக ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய கோப்பு அப்படியே ஓடாது. 3.1 பதிப்பில் ட்ரான்ஸ்பரன்ட் என்ற சொல் இன்டர்செப்ட் ஆனது. 3.2-இல் லாகின் உதவி நிரல்களின் பெயர்களுக்கு முன்னால் பேசிக் மாதிரி வகைச் சொல் ஒட்டிக்கொண்டது, பழைய பெயரில் தேடினால் நிரல் கிடைக்காது. அதே 3.2-இல் மேனேஜர், லோக்கல்ஹோஸ்ட் போன்ற ஏசிஎல்கள் (ரூல் யாருக்கு, எதற்கு என்ற வரையறைகள்) உள்ளேயே வந்துவிட்டன, உங்கள் கோப்பில் பழைய முறையில் மறுபடி வரையறுத்திருந்தால் தகராறு செய்யும், எடுத்துவிடுங்கள். 3.5-இல் ஹெச்டிடிபிஎஸ் பிரிக்கும் முறையே பீக் (எட்டிப் பார்ப்பது), ஸ்ப்ளைஸ் (பிரிக்காமல் விடுவது), பம்ப் (பிரிப்பது) என்று மாறிவிட்டது. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி எழுத முயலாதீர்கள், பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன நோக்கம் என்று பார்த்துப் புதிதாக எழுதுவதுதான் லேசு.

ஓட்டுவதற்கு முன்னால் கோப்பைப் படித்துப் பார்க்க மட்டும் சொல்லும் பார்ஸ் கட்டளை இருக்கிறது, புதுப் பதிப்பின் நிரலை வைத்து அதைக் கொடுங்கள். முதல் பதிலில் சொன்ன இருநூறு முகவரி சோதனை உங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஏழை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், இரண்டு பதிப்பையும் வேறு வேறு போர்ட்டில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது, பெட்டிக்காரர்கள் அதற்கு ஏங்குகிறார்கள்.

கேள்வி: சர்டிஃபிகேட்டில் இருக்கும் பெயரைப் பார்த்து எழுதிய சில ரூல்கள், பிரிக்காமல் அப்படியே விடும் தளங்களுக்கு அப்கிரேடுக்குப் பிறகு பொருந்தவில்லை. பாலிசி கெட்டுவிட்டதா?

பதில்: பாலிசி கெடவில்லை, அது பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் மூடிவிட்டது. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸில் 1.2 வரை சர்வர் தன் சர்டிஃபிகேட்டை மறைக்காமல் அனுப்பும், நடுவில் நிற்பவர் பிரிக்காமலே படிக்கலாம். 2018 ஆகஸ்டில் வந்த டிஎல்எஸ் 1.3-இல் அதுவும் மறையாக்கத்துக்குள் போய்விட்டது. பழைய பெட்டி தானே நடுவில் புகுந்து 1.2-க்கு இறக்கிப் பேசியிருக்கலாம், புது இயங்குதளத்துக்கு 1.3 தெரியும் என்பதால் அது இறக்குவதில்லை. பழையதையே வைத்துக்கொண்டாலும் நிம்மதி இல்லை: 2017-இல் குரோம் 56-இல், அப்போது வரைவாக இருந்த 1.3-ஐ இயக்கிவிட்டபோது ப்ளூ கோட் 6.5 பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த மெஷின்கள் இணைப்பே கிடைக்காமல் தவித்தன, கூகுள் அதைப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அந்த ரூல்களை, இணைப்பின் தொடக்கத்தில் கிளையன்ட் சொல்லும் சர்வர் பெயரைப் பார்க்கும்படி மாற்றுங்கள். யுடிபி 443-ஐ ஃபயர்வாலில் அடையுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் க்விக் (யுடிபி மேல் ஓடும் இணைப்பு முறை) வழியாக ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அடைத்தால் தானாக வழக்கமான டிசிபி இணைப்புக்கு வரும். உள் நெட்வொர்க்கில் பழைய டிஎல்எஸ் 1.0 மட்டும் பேசும் கிழட்டுத் தளங்கள் ஏதாவது இருந்தால் அவை இப்போது திறக்காமல் போகும், அதற்கும் பாலிசியைத் திட்ட வேண்டாம். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகவே கைவிட்டாயிற்று, புது இயங்குதளங்கள் அவற்றை அணைத்தே வருகின்றன.

கேள்வி: எல்லாம் சொதப்பினால் பழைய இமேஜுக்கே திரும்பிவிடலாம்தானே? அதனால்தான் தைரியமாக இறங்குகிறேன்.
– தைரியசாலி

பதில்: திரும்பலாம். பெட்டியில் பழைய இமேஜ் இருக்கும் வரை, அதைப் பூட்டி வைத்திருந்தால், பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பூட்டாமல் விட்டால் அடுத்தடுத்த இமேஜ்களை ஏற்றும்போது பழையதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். உங்கள் பெட்டியில் எத்தனை இமேஜுக்கு இடம் என்று முன்னாலேயே பாருங்கள்.

ஆனால் திரும்பும்போது எந்தச் செட்டிங்ஸோடு திரும்புகிறீர்கள் தெரியுமா? அப்கிரேட் செய்த நிமிஷத்தில் இருந்த செட்டிங்ஸோடு. புது இயங்குதளம் தனக்கென்று ஒரு நகல் எடுத்து அதில்தான் வேலை செய்கிறது. அதன் பிறகு நீங்கள் செய்த எந்த மாற்றமும் பழையதற்குத் தெரியாது. அப்கிரேட் முடிந்து மறுநாளே திரும்பினால் பிரச்சினை இல்லை. பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினால் அந்தப் பன்னிரண்டு நாளில் சேர்த்த ரூல், மாற்றிய பாஸ்வேர்டு, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்த அனுமதி, வேலையை விட்டுப் போனவரிடமிருந்து எடுத்த அனுமதி, எல்லாம் பழையபடி. போனவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு யார் எந்த மாற்றம் செய்தாலும் பெட்டிக்கு வெளியே ஒரு நோட்டில் தேதி, நேரம், ரூல், யார் கேட்டது என்று எழுதச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டி வந்தால் அந்த நோட்டைப் பார்த்துக் கையால் ஏற்றலாம். அந்த நோட்டு ப்ராக்ஸி வழியாகப் போனால்தான் திறக்கும் ஏதோ ஒரு தளத்தில் இருக்கக் கூடாது. இப்படியும் ஒருவர் வைத்திருந்தார், கடிதம் வந்திருக்கிறது.